மைக்கு மேல் போட்ட பழி

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஹலோ' என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். எத்தனையோ மேடை ஏறியும் அவர் ஆற்றிய உரை பெரும்பாலும் 'ஹலோ, ஹலோ' மட்டும்தான். வீட்டில் அதுவும் கிடையாது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உப்பு ஜாடியை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

தொழிலில் மட்டும் மகா ரோஷக்காரர். ஒரு கல்யாண வீட்டில் மைக் 'கீ' என்று கத்திவிட்டதற்காக இரண்டு நாள் யார் முகத்திலும் முழிக்காமல் கிடந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கே அது ஞாபகமில்லை. மாமாவுக்கு இது கொஞ்சம் ஓவர் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு கட்சித் தலைவர் பேசினார். மைக்செட் மாமாவுடையது. முடிக்கும்போது, "பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன் கடை நம்ம தெருவுல எதுக்கு? நாளைக்கு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எப்படின்னு நான் சொல்லணுமா?" என்று கேட்டார். காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை பத்தொன்பது கடைகள் எரிந்தன. எங்களுக்குக் கொசுறு போடாமல் பை கட்டத் தெரியாத பழக்கடைக்காரர், ஷட்டரைத் தூக்க முடியாமல் உள்ளேயே செத்துப்போனார். கொளுத்தியவர்களில் பதினோரு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். பேசியவர் வீட்டில் இருந்தார்.

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. தலைவர் எழுதிக் கொடுத்த பதில் பேப்பரில் வந்தது. யாரும் வன்முறையில் இறங்கக் கூடாது என்று கடைசியில் அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம். அந்த நேரம் பார்த்து மைக்செட் பழுதாகிவிட்டதாம். அதனால்தான் மக்கள் காதில் விழவில்லையாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே கட்சிச் செயலாளர் மாமாவைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

"ஒண்ணுமில்ல ஹலோ. கமிஷன்ல, செட்டு மக்கர் பண்ணிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. நம்ம கூட்டமெல்லாம் எப்பவும்போல உங்களுக்குத்தான்."

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லாமலே புரியவைப்பது அந்தக் கட்சியில் மேலிருந்து கீழ்வரை பழக்கம் போலிருக்கிறது.

அவர் போனதும் அக்கா ஆரம்பித்தாள். "சொல்லிடுங்களேன். மைக்கு என்ன, மானநஷ்ட வழக்கா போடப்போகுது? நம்ம பொழப்பே அவங்க கூட்டத்துலதான் ஓடுது."

மாமா சிரிக்கவில்லை. "கடை ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு அவர் சொன்னப்ப கூட்டம் கத்துச்சு. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கணுமேன்னு நான்தான் வால்யூமைக் கூட்டினேன். என்ன சொல்றார்னு யோசிக்கவே இல்ல. மறுநாள் புகையைப் பாத்த பிறகுதான் யோசிச்சேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. அக்கா எழுந்துபோய், விசாரணைக்குப் போட்டுப்போக அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. முன்வரிசை முழுக்கக் கட்சிக்காரர்கள்.

"செட்டு பழுதாகல ஐயா," என்றார் மாமா, நீதிபதியிடம்.

தலைவரின் வக்கீல் எழுந்தார். "அதுக்கு உங்க பேச்சைத் தவிர வேற என்ன ஆதாரம்?"

"அவர் இறங்கிப் போனதும் அதே மைக்குல நான் அறிவிப்பு குடுத்தேன். மஞ்சள் கவுன் போட்ட ஒரு பொம்பளைப் புள்ள மேடைகிட்ட அழுதுட்டு நிக்குதுன்னு. அதைக் கேட்டு அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"யார் அந்த அம்மா?"

"தெரியாதுங்க. பேரு கேக்கல."

வக்கீல் சிரித்தார். முன்வரிசையும் கூடச் சிரித்தது. எழுந்து நாலு கேள்வி கேட்கலாமென்று எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

மாமா உட்காரவில்லை. "இன்னொண்ணும் எழுதிக்குங்க ஐயா. அப்போ சத்தத்தைக் கூட்டினது நான். என் கை செஞ்சதுக்கு நான் பொறுப்பு. என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். அவர் வாய் பேசினதுக்கு அவர் பொறுப்பு ஏத்துக்கட்டும். பழியை மைக்கு மேல போட வேணாம்."

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கழுத்தில் அதே கட்சியின் துண்டு.

"அது என் பொண்ணுதான் ஐயா. அவர் பேச்சைக் கேக்கணும்னே போனவ நான். பஸ் ஸ்டாப்புகிட்ட நின்னேன், மைதானத்துக்கு வெளியில. புள்ள என் கையை விட்டுட்டு உள்ள ஓடிருச்சு. புள்ளையைப் பத்தி இவர் சொன்னது அங்க வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி தலைவர் பேசினதும் முழுசாக் கேட்டுச்சு. வன்முறை வேணாம்னு அவர் சொல்லவே இல்ல."

செயலாளர் திரும்பி முறைத்தார். அவள் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் எழுந்து, "எனக்கும் கேட்டுச்சுங்க," என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒவ்வொருத்தரா வாங்க," என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் இருபத்துமூன்று பேர் சாட்சி சொன்னார்கள். பாதிப் பேர் தலைவருக்கே ஓட்டுப் போட்டவர்கள். எழுதிக் கொடுத்தால் போதாது, தலைவரே வந்து கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போனது. எங்களுக்கு இனி அந்தக் கட்சிக் கூட்டங்கள் வராது. போனால் போகட்டும் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.