லாரிக்குக் காத்து ஏறிய காலை

ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை நூம்பலில் நாங்கள் கட்டிய புது வீட்டில் குடியேறினோம். பூந்தமல்லி வழியாகப் பதின்மூன்று கிலோமீட்டர். லாரி வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. சாமானோடு வீடு மாறப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நடுவில் புலம்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். மாமனார் குறித்த நேரம். எங்கள் கல்யாணத்துக்கே நான் முக்கால் மணி நேரம் தாமதம். ரயில்வே கேட் மூடியிருந்தது, அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் மனுஷர் இன்னும் மறக்கவில்லை. அவரும் என் மனைவியும் முதல் நாளே நூம்பல் போய்விட்டார்கள். அடுப்பும் சிலிண்டரும் பால் பானையும் என்னோடு லாரியில்.

ஏழு மணிக்குச் சாமான் ஏற்றி முடித்தாயிற்று. டிரைவர் ஏழுமலை அப்போதுதான் ஆயில் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார். அடியில் குனிந்து டீசல் ஒழுகுகிறதா என்று பார்த்தார். பிறகு இஞ்சினைப் போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார்.

"கிளம்பலாமேப்பா!"

"இன்னா சார் அவசரம்? இஞ்சின் சூடாவட்டும். காத்து வேற ஏறல."

ஆறு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தேன். கல் மாதிரிதான் இருந்தன. இருந்தாலும் டிரைவர் சொல்கிறாரே என்று முக்கால் கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய், பஞ்சர் கடைக் குமாரை எழுப்பிக் கூட்டி வந்தேன். மணி ஏழு நாற்பது.

ஏழுமலை என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "டயருக்கு இல்ல சார், பிரேக்குக்கு! லாரி பிரேக்கு காத்துலதான் வேலை செய்யும். மீட்டர்ல அந்த முள்ளு மேல ஏறணும். இல்லாங்காட்டி பிரேக்கு பிடிக்காது."

எட்டு மணி வரை முள் பாதியிலேயே நின்றது. மனைவி நாலு முறை போன் செய்துவிட்டாள். "மெதுவாகப் போகலாமே" என்று ஏழுமலையிடம் கெஞ்சினேன். "நீயே ஓட்டு அண்ணாத்தே" என்று டிரைவர் சீட்டைக் காட்டினார்.

குமார்தான் காதைத் தீட்டினான். "மாமே, பின்னாடி உஸ்ஸுனு கேக்குது பார்." சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கடியில் புகுந்தான். பின்பக்கக் குழாய் இணைப்பில் நுரை குமிழ் விட்டது. நட்டை முறுக்கினார்கள், முள் ஏறியது. குமாருக்கு நூறு ரூபாய்.

எட்டு முப்பத்தைந்துக்குப் புறப்பட்டு, பூந்தமல்லியில் நெரிசலில் நின்று, ஒன்பது இருபதுக்கு நூம்பல் சேர்ந்தோம். வாசலில் மாமனார், கையில் கடிகாரம்.

"இதுதான் ஒன்பது மணியா, மாப்ளே?"

நான் வாய் திறப்பதற்குள் ஏழுமலை எட்டிப் பார்த்தார். "பிரேக்கு இல்லாம வந்திருந்தா எட்டரைக்கே வந்திருப்போம் பெரியவரே. நேரா ஊட்டுக்குள்ளயே வந்திருப்போம்."

மாமனார் லாரியைப் பார்த்தார், புதுச் சுவரைப் பார்த்தார். "பத்தரைக்குத்தானே ராகு காலம். அதுக்குள்ள காய்ச்சிடலாம், வாங்க" என்றார்.

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு டீயாவது கிடைத்திருக்கும். ஆகவே வீடு மாறுகிறவர்களே, டிரைவரை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். அவர் இஞ்சினைப் பார்க்கிறபோது குறுக்கே போகாதீர்கள். நல்ல நேரம் குறிப்பவரிடம் மட்டும், அது எதுவரை நீளும் என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.