பூனையின் தவக்காலம்

தவக்காலத்தில் நான் இறைச்சியை விட்டதோடு நிற்காமல், பூனையையும் விடவைத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மீன் மட்டுமே தின்ற அது, வயிறு மொட்டையாகிப் புண்ணாகும்வரை ஓயாமல் நக்கியது. நானும் இருப்புக்கொள்ளாமல் அதன் பின்னாலேயே திரிந்தேன்.

தோட்டவெளிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர், எதைத் தொடுமுன்னும் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைப்பவர். அன்றும் துடைத்துவிட்டுப் பூனையைப் புரட்டிப் பார்த்தார்.

"மீன் ஒத்துக்கொள்ளேல்லை, ஐயா. எங்கட பூனைக்கும் இப்பிடித்தான். மிருக டொக்டர் சொல்லி எட்டுக் கிழமை கோழி மட்டும் குடுத்தனாங்கள். ஒரு மீன்முள்ளும் குடுக்கப்படாது."

"அப்ப உங்கட யாவாரம்?"

"நீங்கள் தின்னுங்கோவன்!"

மணிச்சத்தத்துக்குப் பூனை ஓடிவரும் என்று, அதன்பின் எங்கள் வாசல் படலையில் அவர் மணியடிக்கவே இல்லை. மீனுக்கு நான்தான் ஒழுங்கை முனைவரை நடந்தேன். பூனைக்கு மயிர் மெல்ல முளைத்தது. இப்படியும் ஒரு வியாபாரியா என்று மனைவியிடம் வியந்தேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். "உங்களுக்கும் மீனை நிப்பாட்டிப் பாப்பமே?"