சீஷெல்ஸுக்கு ஆள் எடுத்த ஞாயிறு

காலை எட்டு மணிக்கு இல்ஃபோர்டில் அக்கா வீட்டிலிருந்து புறப்பட்டோம். லண்டனுக்குப் போய் வந்தவர்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் அரண்மனையையும் பற்றி வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது டூட்டிங்கில் உள்ள ஒரு சேற்று மைதானத்தைப் பற்றி. அங்கே ஒரு நாட்டுக்கு ஆள் எடுத்தார்கள். அதைப் பார்க்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான் என் மருமகன் டொமினிக்.

அக்கா யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து வந்து இங்கே கலியாணம் செய்தவர். அத்தான் சீஷெல்ஸ்காரர், மாஹே தீவில் பிறந்தவர். இரண்டு பேரும் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசைக்குப் போய்ப் பழகியவர்கள். டொமினிக் இல்ஃபோர்டில் பிறந்து, லிஃப்ட் திருத்தும் வேலை செய்கிறான். வயது இருபத்தாறு. தகப்பனின் நாட்டுக்கு உதைபந்தாட வேண்டும் என்பது அவன் பத்து வயதிலிருந்து பிடித்திருக்கும் பிடிவாதம். போன வருடமும் தேர்வுக்குப் போனான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசை ஆட்டக்காரனுக்கு இருபத்தாறு வயதில் இது கடைசிப் படி. அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்காதான் குசினிக்குள் கூப்பிட்டு என் காதில் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு பை நிறைய மட்டன் ரோல்ஸும் பற்றிஸும் அடுக்கினார்.

"முழு ரீமுக்கும் குடு தம்பி. வெறும் வயித்தோட ஒருத்தரையும் ஓட விடாதை."

அத்தான் வரவில்லை. அவருக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட்.

எலிசபெத் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை போய், நிலத்துக்குக் கீழேயே நடந்து மூர்கேட்டில் நொதேர்ன் லைனைப் பிடித்தோம். ஞாயிறு என்பதால் இருக்க இடம் கிடைத்தது. எதிரே ஒரு பெண் நாய்க்குட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தாள். இந்த ஊரில் நாய்க்கும் இருக்கை, எங்கள் பஸ்ஸில் மனிதருக்கே ஒற்றைக் காலில் நிற்கத்தான் இடம்.

டொமினிக்கைப் பேச வைப்பதற்காக, "உங்கட சீஷெல்ஸ் எங்களை ஒருக்கா அடிச்சதடா, மறக்க மாட்டன்" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. 2021இல் கொழும்பில் ஓர் இறுதியாட்டம். மூன்றுக்கு மூன்று என்று வந்து, பெனால்டி எனும் தண்ட உதையில் சீஷெல்ஸ் இலங்கையைத் தோற்கடித்தது. பாசையூரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அவன் முகம் மலர்ந்தது. "அது எங்கட பெரிய நாள், மாமா. 2011ஐ விட்டா அதுதான்."

பிறகு பாதாள இரயிலின் இரைச்சலுக்கு மேலாக அந்த அணியின் சரித்திரத்தை அவன் சொல்லக் கேட்டேன். நாட்டின் மொத்தச் சனமே ஒரு லட்சத்தை ஒட்டித்தான் வரும். 1976இல் சுதந்திரம். அதற்குப் பிறகு பெரிய நாடுகளோடு மோதத் தொடங்கி, அன்று முதல் வாங்குவது அடிதான். ஆபிரிக்கக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கு இதுவரை ஒரு முறையும் போனதில்லை. ஆனால் 2011இல் இந்து சமுத்திரத் தீவுகளின் விளையாட்டு விழா அவர்கள் மண்ணில் நடந்தபோது, மொரீசியசைத் தண்ட உதையில் வென்று தங்கம் எடுத்தார்கள். அத்தான் அன்று இல்ஃபோர்டில் கொடியைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாராம்.

"மற்ற நாளெல்லாம்?" என்றேன்.

"மற்ற நாளெல்லாம் தோல்விதான். ஏழு, எட்டு, ஒன்பது எண்டெல்லாம் வாங்கியிருக்கினம்."

"அப்ப ஏனடா அங்க போகோணும் எண்டு நிக்கிறாய்?"

"வேற எங்க போறது, மாமா? அதுதானே என்ர ரீம்."

டூட்டிங் பெக்கில் இறங்கினோம். அப்பர் டூட்டிங் ரோட்டில் எங்கட ஊர் ஆள் ஒருவரின் கடையில் பால் விடாத பிளேன்ரீ குடித்தோம், ஒன்றரைப் பவுண். கறிவேப்பிலை வாசமும் கொத்துரொட்டிச் சத்தமும் இருந்ததால் யாழ்ப்பாண பஸ் நிலையம் பக்கத்தில்தான் என்று ஒரு கணம் தோன்றியது. வெளியே வந்தால் காது விறைக்கும் குளிர்.

மைதானம் பத்து நிமிட நடை. வாயிலில் தேர்வாளர் நின்றார். பெயர் டானியல் பிள்ளை. மாஹேயில் பிறந்தவர், அறுபதை அண்டியவர், மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் போனவர்கள். பெயரைக் கேட்டதும் நான் உரிமையோடு தமிழில் தொடங்கினேன். அவர் சிரித்து, கையைப் பிடித்து, ஆங்கிலத்தில், "பெயர் மட்டும்தான் கரையேறியது, மன்னியுங்கள்" என்றார். ரோல்ஸை மட்டும் மொழி பார்க்காமல் இரண்டு எடுத்தார்.

தேர்வுக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுக்கச் சொல்லி, ஓடச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஓர் உள்ளூர் அணி நின்றது, வார இறுதியில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். முழு ஆட்டம் என்று பிள்ளை அறிவித்தார். இவர்கள் பதினான்கு பேரும் அன்று காலைதான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டவர்கள். இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது.

பத்தரைக்கு ஊதினார்கள். பதினொன்றேகாலுக்கு இடைவேளை. எதிரணிக்கு ஐந்து, எங்களுக்குச் சுழியம்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நாலு கோலுக்கு மேல் போனால் நல்ல ஆட்டக்காரனுக்குக் கால் பிடித்துவிடும். நொண்டிக்கொண்டு வெளியே வருவான், சனமும் "பாவம், அவன் நிண்டிருந்தால் விட்டிருக்க மாட்டான்" என்று சொல்லும். அந்தப் பிடிப்புக்கு மருந்து வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்குத் தானாக மாறிவிடும். மானம் காக்க நாங்கள் கண்டுபிடித்த வழி அது. எனக்கே இரண்டு முறை பிடித்திருக்கிறது.

ஆகவே தண்ணீர்ப் போத்தலோடு டொமினிக்கிடம் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "கால் பிடிச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டு வெளியில வா. நீ இவ்வளவு விளையாடினதே காணும். இனி நிண்டால் உன்ர பேர்தான் கெடும்."

அவன் முழங்காலில் சேற்றைத் துடைத்தான். "ஏலாது, மாமா."

"ஏன் ஏலாது? அங்க பார், ரெண்டு பேர் போயிட்டினம்."

உண்மைதான். முன்வரிசையில் அழகாக ஆடிய இரண்டு பேர் தொடையைப் பிடித்துக்கொண்டு பைகளுக்கருகே இருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ ஒரு மாமா சொல்லியிருப்பார்.

"அதுதான் ஏலாது. எல்லாரும் போனா ஆர் நிக்கிறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவலையில் பாதி, கோபத்தில் பாதி. இவன் கடைசி வாய்ப்பும் என் கண் முன்னால் சேற்றில் போகிறதே என்று ஒரு ரோலைக் கடித்தேன்.

இரண்டாம் பாதியில் ஆறு, ஏழு, எட்டு. இன்னும் இரண்டு பேருக்குக் கால் பிடித்தது. மாற்றாட்களும் முடிந்துபோய், கடைசிக் கட்டத்தில் பத்துப் பேர்தான் நின்றார்கள். பாதிப் பேர் நடந்தார்கள். டொமினிக் ஓடினான். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து நடுவில் வைத்தது அவன்தான். கோல் காத்த அறிமுகமில்லாத கோலியின் முதுகில் தட்டினான். பக்கத்தில் நின்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இடம் காட்டினான்.

முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எதிரணி ஆட்டக்காரன் கோலியையும் தாண்டிவிட்டான். வெறும் வலை. பந்தைத் தட்டிவிட்டு, கொண்டாடத் திரும்பியும் விட்டான். எங்கிருந்தோ டொமினிக் வந்து விழுந்தான். கோட்டில் வைத்துப் பந்தை வெளியே தள்ளி, கம்பத்தில் தோள் மோதிச் சேற்றில் கிடந்தான். நான் என்னை அறியாமல் "பந்தை விடாதையடா!" என்று முழு டூட்டிங்குக்கும் கேட்கக் கத்தினேன். அதற்குள் பந்து வேலிக்கு அப்பால் போய்விட்டது.

எட்டுக்குச் சுழியத்தோடு ஊதினார்கள்.

பிள்ளை நான்கு பேரைக் கூப்பிட்டார். கோலி, மத்தியில் ஆடிய இரண்டு பேர், டொமினிக். அடுத்த மாதம் மாஹேயில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு வர ஏலுமா என்று கேட்டார். டொமினிக் தலையை ஆட்டினான்.

அந்த இரண்டு முன்வரிசைக்காரர்களையும் ஏன் எடுக்கவில்லை என்று நான் போய்க் கேட்டேன். வாய் சும்மா இருக்காது.

"அவர்கள் கெட்டிக்காரர்கள்," என்றார் பிள்ளை. "ஆனால் எங்களுக்கு வருகிற ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். எழுபதாவது நிமிடத்தில் ஆறு வாங்கிய பிறகு எவன் ஓடுவான் என்று எனக்குத் தெரிய வேண்டும். பயிற்சியில் அது தெரியாது. அதனால்தான் எப்போதும் எங்களைவிடப் பெரிய அணியைக் கூப்பிடுகிறேன். 2011இலும் இப்படி நின்றவர்களை வைத்துத்தான் வென்றோம் என்று நான் நம்புகிறேன்."

நான் இடைவேளையில் கொடுத்த புத்திமதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மிச்ச ரோல்ஸ் முழுவதையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

திரும்பி நடக்கும்போது எங்கள் மைதானத்தை நினைத்துப் பார்த்தேன். பாசையூரில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோற்கத் தொடங்கியதும் எத்தனை நல்ல கால்களுக்குப் பிடிப்பு வந்திருக்கிறது! எந்த ஆட்டக்காரன் கடைசி நிமிடத்திலும் பந்துக்கு ஓடுவான் என்று நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊருக்குப் போனதும் எங்கள் உதைபந்துக் கழகக் கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் போகிறேன். அடிக்க வந்தாலும் சொல்வேன்.

டூட்டிங் பெக் நிலைய வாசலில் அக்காவின் அழைப்பு வந்தது. டொமினிக் தோளைப் பிடித்தபடி போனை என்னிடம் நீட்டினான்.

"என்ன தம்பி, வெண்டவங்களோ?"

"இல்லை அக்கா. எட்டு வாங்கியாச்சு. ஒண்டும் போடேல்ல."

"ஐயோ, என்ர பிள்ளை!"

"பிள்ளையை எடுத்திட்டினம்."

"வடிவாச் சொல்லு தம்பி. எட்டு வாங்கினவனையோ எடுத்தவை?"

"ஒன்பதாவதை மறிச்சவனை எடுத்தவை, அக்கா."