கிளென்மோருக்கு எதிராக ஒரு கொடி

அன்றைய முதல் கால்பந்தாட்டத்துக்குக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்து முடித்த விமலா, காலணியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் திடலை விட்டுப் போய்விட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. அடுத்து ஆடப்போவது கிளென்மோர். அவளுடைய அண்ணன் அர்ச்சுனன் பயிற்சி கொடுக்கும் குழு. இன்று ஜெயித்தால் லீக்கில் இருக்கும். தோற்றாலோ சமன் செய்தாலோ லீக்கை விட்டே போய்விடும். அது ஆடும் மூன்றாம் டிவிஷனுக்குக் கீழே இறங்குவதற்கு இன்னொரு படி கிடையாது. அதைக் கண்ணால் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

நடுவர் ரோஸ்லான் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார். அடுத்த ஆட்டத்துக்கு வரவேண்டிய லைன்ஸ்மேன் தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் மோட்டார் சைக்கிளோடு வழுக்கி விழுந்துவிட்டாராம். காலில் அடி. வேறு ஆள் கிடைக்கவில்லை.

"தா போலே, என்சிக்" என்றாள் விமலா மலாயில். முடியாது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அது தன் அண்ணன் குழு, தான் பிறந்த தோட்டத்துக் குழு என்பதையும் சொன்னாள்.

ரோஸ்லான் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு எதிரணியான பீடோர் பிரதர்ஸின் மேலாளரை அழைத்துவந்தார். பீடோரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் வள்ளியப்பன் அவர். விஷயத்தை விமலாவே அவரிடம் மறைக்காமல் சொன்னாள்.

வள்ளியப்பன் வானத்தைப் பார்த்தார். சுண்ணாம்புக் குன்றுகளின் பின்னால் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. "ஆட்டத்தத் தள்ளி வெச்சா என் பையனுங்க திரும்ப லீவு போட்டுட்டு வரணும்மா. எங்களுக்கு இதுல ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. நீங்களே நில்லுங்க." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "ஆனா நான் பந்தப் பாக்க மாட்டேன். உங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

விமலா மறுபடியும் காலணியை மாட்டினாள்.

கிளென்மோர் என்பது ஈப்போவுக்குத் தெற்கே இருந்த ஒரு ரப்பர் தோட்டம். அவள் பிறப்பதற்கு முன்பு அந்தத் தோட்டத்துப் பால்மரம் சீவுகிறவர்களும் ஸ்டோர்க்காரர்களும் சேர்ந்த குழு, நகரத்துப் பெரிய குழுக்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆட்டம் உள்ள நாளில் ரப்பர் பாலை நிறுத்து முடித்ததும், லயம் எனும் வரிசை வீடுகளின் சனம் மொத்தமும் லாரியில் ஏறிவிடும். அங்கிருந்து மாநில அணிக்குப் போனவர்களும் உண்டு. பிறகு ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். செம்பனையையும் சாய்த்து வீடுகள் கட்டினார்கள். சனம் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்குச் சிதறியது. தோட்டம் போய்விட்டாலும் குழு பெயரை விடவில்லை. முதல் டிவிஷனில் கடைசியாக ஆடிய கிளென்மோரில் அர்ச்சுனன் இடப்பக்கத் தடுப்பாளன். அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இப்போது சிமெண்டு லாரி ஓட்டுகிறான். லாரியை எங்காவது ஓரம் கட்டிவிட்டு, வாரா வாரம் ஆள் சேர்க்கப் போன் போட்டுக் கெஞ்சுவதுதான் அவனுடைய இன்னொரு வேலை.

விமலாவுக்கும் பந்து மேல் அப்படி ஒரு பைத்தியம். ஆனால் லயத்துப் பெண் பிள்ளைகளுக்குக் குழு ஏது? கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று வெளியே போகும் பந்தைப் பொறுக்கிப் போடுவதோடு சரி. கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை பெற்று, கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த நாளில் நடுவர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முதல் தடவை ஓட்டத் தேர்வில் பாதியிலேயே வாந்தி எடுத்துத் தோற்றாள். அதன் பிறகு அவள் தாமானைச் சுற்றி ஓட, பஸ் ஓட்டுநரான அவள் கணவன் தனேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து, "ஓடு, ஓடு, நாய் வருது" என்று விரட்டினான். தேறிவிட்டாள். அவளுடைய முதல் கறுப்புச் சட்டையை வாங்கிக் கொடுத்தவன் அர்ச்சுனன்.

ஆட்டம் தொடங்கியது. போன ஆட்டத்தில் நடுவரோடு வாய்ச்சண்டை போட்டதற்காக அர்ச்சுனன் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று தடை. அதனால் கயிற்றுக்கு வெளியே ஆதரவாளர்களோடு நின்றான். ரோஸ்லான் பெஞ்சுகளுக்கு எதிர்ப்பக்கக் கோட்டில் விமலாவை நிறுத்தியிருந்தார். கிளென்மோர் சனம் முழுவதும் அந்தப் பக்கம்தான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

முதல் பாதி கோல் இல்லாமல் போனது. இரண்டாம் பாதியில் கிளென்மோர் அவள் பக்கத்துக் கோலை நோக்கி ஆடியது. அர்ச்சுனனின் மூச்சுகூட அவள் முதுகில் படுகிற தூரம். அவன் "ஏறு, ஏறு, மச்சான்! விட்டுறாதலா!" என்று பையன்களை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை அவள் பீடோருக்கு எறிபந்து கொடுத்தபோது, பின்னால் யாரோ, "சொந்தத் தோட்டத்துக்கே ஆப்பு" என்று முணுமுணுத்தார்கள். அவள் திரும்பவில்லை.

இடி உறுமியது. மின்னல் அருகில் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ரோஸ்லான் கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்க்கோட்டில் வள்ளியப்பன் கை கட்டி நின்றபடி, சொன்னதுபோலவே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியப் போகும் நேரத்தில் கிளென்மோருக்கு ஒரு ப்ரீ கிக். பந்து நடுவட்டத்துக்குச் சற்று முன்னால். பீடோர் தடுப்பாளர்கள் ஒரே வரிசையாக நின்றார்கள். விமலா அந்த வரிசைக்கு நேராகத் தன்னை நிறுத்திக்கொண்டாள். உதைக்கிறவனின் காலை ஓரக்கண்ணாலும், வரிசையை முழுக் கண்ணாலும் பார்த்தாள்.

கால் பந்தைத் தொட்ட அந்த நொடியில் தர்மா முன்னால் இருந்தான். தர்மா கிளென்மோரின் முன்னணி ஆட்டக்காரன். அவள் தாமானிலேயே வளர்ந்தவன். அவன் முழங்காலும் சாய்ந்த தலையும் கடைசித் தடுப்பாளனைத் தாண்டியிருந்தன. அதற்கு மேல் இல்லை. பந்து உதைபடும்போது அப்படித் தாண்டி நின்றால் ஆப்சைடு, கோல் செல்லாது. அடுத்த நொடி பந்து அவன் நெற்றியில் பட்டு வலைக்குள் போனது.

திடல் அலறியது. நாற்காலிகள் கவிழ்ந்தன. யாரோ கயிற்றைத் தாண்டி ஓடினார்கள். விமலாவின் கை மேலே போயிருந்தது. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

ரோஸ்லான் அவளைப் பார்க்கவில்லை. ஆட்டக்காரர்கள் அவரை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் நடுவட்டத்தை நோக்கித் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"விமலா." பின்னாலிருந்து அர்ச்சுனன். கத்தவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்பதுபோல மெதுவாக. "கீழ போடு. அவரு பாக்கல. போட்டுரு தாயி."

கையைத் தாழ்த்தினால் போதும். பீடோர் ஆட்டக்காரர்கள்கூட யாரும் கை தூக்கிக் கேட்கவில்லை. இந்தக் கோலால் பீடோருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் பாரிட் புந்தார் அவள் நினைவுக்கு வந்தது. இங்கே கிளென்மோர் ஜெயித்தால் வெளியே போகப்போவது அந்த ஊர்க் குழு. தங்கள் ஆட்டத்தை எல்லாம் முடித்துவிட்டு, வயல்காட்டு ஊரில் யாரோ சிலர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகக் கத்த இந்தத் திடலில் ஒருவரும் இல்லை.

"விமலா, அம்மா மேல ஆணையா கேக்குறேன்."

அவள் கண்ணில் நீர் முட்டியது. கை இறங்கவில்லை. தோள் கடுத்தது. இறக்கிவிட்டால் பிறகு இந்தக் கொடியை எந்தத் திடலிலும் தன்னால் தொட முடியாது என்று மட்டும் தெரிந்தது.

ரோஸ்லான் விசிலை வாயில் வைத்தபடி கடைசியாக ஒருமுறை கோட்டைப் பார்த்தார். நின்றார். அவளிடம் ஓடிவந்து, "பாஸ்தி?" என்று கேட்டார். நிச்சயமா?

"பாஸ்தி" என்றாள்.

கோல் இல்லை என்று அவர் கை காட்டியதும் தண்ணீர்ப் போத்தல்கள் பறந்து வந்தன. ஒன்று அவள் காதோரம் பட்டது. தர்மா அவள் முன்னால் வந்து மண்டியிட்டான். "அக்கா, ஏன்கா? நம்ம டீம்கா!" மீதி நேரம் எப்படிப் போனது என்று பிறகு அவளால் நினைவுபடுத்த முடிந்ததே இல்லை. இரு பக்கமும் கோல் இல்லாமலே கடைசி விசில் ஊதியபோது கிளென்மோர் லீக்கை விட்டுப் போயிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ரோஸ்லான் அவளைத் தன் பக்கத்திலேயே வைத்துக் காருக்கு அழைத்துப் போனார். வழியில் வள்ளியப்பன் குடையோடு நின்றிருந்தார்.

"நீங்க தூக்கலேன்னா நான் கேட்டுருக்கவே மாட்டேம்மா" என்றார். "எனக்கு அது ஆப்சைடாவே தெரியல."

பாராட்டா, குற்றமா? வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதும் அது அவளுக்குப் புரியவில்லை. தனேஸ்வரன் காதோரக் காயத்துக்கு மருந்து போட்டான். ஆப்சைடா என்று அவன் கேட்கவில்லை. அதற்காகவே அவள் அழுதாள்.

அதற்குப் பிறகு அர்ச்சுனன் அவள் போனை எடுப்பதில்லை. கிளென்மோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவளைத் துரோகி என்று எழுத, வேறு யாரோ அவளைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அம்மா மங்களம் அர்ச்சுனன் வீட்டில் இருந்ததால் அவளையும் போய்ப் பார்க்க முடியவில்லை. கடையில் எதிரே வந்த பழைய தோட்டத்து ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தொழிற்சாலைக்குப் போனாள், வந்தாள். லீக் அலுவலகத்தில் மற்ற ஆட்டங்களுக்குக் கூப்பிட்டபோது மட்டும் மறுக்காமல் போனாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு மதியம் வாசலில் அண்ணனின் பழைய புரோட்டோன் கார் வந்து நின்றது. அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "கூட்டிட்டுப் போறியா, நான் பஸ் ஏறட்டுமான்னு கேட்டேன். அதான் வந்தான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அர்ச்சுனன் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். விமலா தேநீர் கலந்து எடுத்துப்போய்க் கண்ணாடி வழியாக நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

பாதித் தேநீர் குடித்ததும், "எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டான்.

"முழங்கால் அளவுண்ணே."

"முழங்கால்." அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். "முழங்காலுக்கா இத்தன வருசத்து டீம் போச்சு?"

"ஆமாண்ணே."

"பயலுவ பாதிப் பேரு போய்ட்டானுங்க. மிச்சம் இருக்கிறவனுங்கள வெச்சு ஞாயித்துக்கெழம லீக்குல பேரு குடுத்துருக்கேன். தாமான் பையனுங்க ஆடுறது. அங்க லைன்ஸ்மேனே கெடையாது." அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீ மட்டும் எங்க ஆட்டத்துக்கு வந்துறாத விமலா. என்னால பாக்க முடியாது."

"வரமாட்டேன். கிளென்மோர் எப்பத் திரும்பி வந்தாலும் அந்த ஆட்டத்துக்கு என்னப் போடாதீங்கன்னு லீக்ல அப்பவே சொல்லிட்டேன்."

அவன் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தான். காதோரத்துத் தழும்பில் பார்வை நின்றது. தேநீரைக் குடித்து முடித்தான்.

"அம்மாவ சாயங்காலம் வந்து ஏத்திக்கிறேன்."

"உள்ள வந்து சாப்ட்டுட்டு ஏத்திக்கண்ணே. அம்மா கருவாட்டுக் கொழம்பு வெக்கிறாங்க."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது, வண்டியைத் தெருவில் விடாமல் கேட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்தான்.