ஊதா விரல்காரி

பின்னறையிலிருந்து ‘கர்ர்ர்’ என்று இரும்பு தரையில் உரசும் சத்தம். டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள். கட்டிலுக்கு அடியில் இருப்பது கொத்தனார் கணவரின் இரும்பு வேலைப் பெட்டி ஒன்றுதான்.

ஓடிப்போய்ப் பார்த்தால், மாரடைப்பு வந்து போன வாரம்தான் வீடு திரும்பிய கொத்தனார், குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தார்.

“விடுங்க அதை!”

“கத்தாதே. முன்னால மாமா உட்கார்ந்திருக்காரு.”

மாமா என்றால் அவருடைய அக்கா புருஷன், கட்டட காண்ட்ராக்டர். சத்தம் கேட்டு அவரும் எழுந்து வந்தார்.

“ஹால் சீலிங் பூச்சு பாக்கி தங்கச்சி. மாப்பிள்ளை கை பட்டாத்தான் மட்டம் நிக்கும். சாரத்துல ஏறி நாலு இழுப்பு இழுத்தாப் போதும். ஆளு கல்லு மாதிரிதானே இருக்காரு!”

அவளுக்கு வேலையே இதயங்களோடுதான். ஆராய்ச்சிக்கூடத்தில், அடிபட்ட எலி இதயத்தை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவாள். எத்தனை சோப்பு போட்டாலும் விரல் நுனியில் ஊதா போகாது. அங்கே எல்லாருக்கும் அவள் ‘ஊதாக்கா’. யார் முகம் சுளித்தாலும் அந்த விரல்களை அவள் முந்தானைக்குள் ஒளித்ததில்லை. இன்றோ, அவள் உயிரையே வைத்திருக்கும் ஓர் இதயம் சாரம் ஏறக் கிளம்பிவிட்டது.

“அண்ணா, கான்கிரீட் போட்ட கையோட, அடியில தாங்கி நிக்கிற சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கலாமா?”

“எவன் பிரிப்பான்? கையை ஒடிச்சிட மாட்டேன்?”

“இவரு நெஞ்சுலயும் அதே கதைதான். ரத்தம் போகாம கொஞ்சம் சதை செத்துப்போச்சு. வெள்ளை அணுக்கள் கூட்டமா ஓடிவந்துச்சு. முதல்ல வந்தது இடிக்கிற ஆளுங்க. செத்ததை அள்ளுவாங்க, வேகத்துல நல்ல சுவரையும் கொஞ்சம் கொத்திடுவாங்க. பின்னால பூசுற ஆளுங்க வந்து தழும்பு போட்டு இறுக்குவாங்க. இப்ப பூச்சு ஈரம் அண்ணா. பாரம் ஏத்தினா சுவர் உப்பிடும், கிழிஞ்சாலும் கிழியும்.”

“சாயம் போடுறவ டாக்டராயிட்டியா?”

“டாக்டரும் இதையேதான் சொன்னாங்க. இவரு தலையைத் தலையை ஆட்டிட்டு வந்துட்டாரு. சாயம் ஏத்தின எலி இதயத்துல அந்த அணுக்கள் ஊதாப் புள்ளியாத் தெரியும். மொதல்ல நானும் அந்தக் கூட்டத்தை எதிரின்னுதான் நினைச்சேன். இறுகின தழும்பைப் பாத்தப்புறம் கையெடுத்துக் கும்பிட்டேன்.”

கொத்தனாரின் பிடி பெட்டியிலிருந்து நழுவியது.

“அப்போ எனக்குள்ளயும் கொத்தனார் இருக்கான்னு சொல்லு.”

“இருக்காங்க. உங்க திமிர் இல்லாதவங்க.”

காண்ட்ராக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கொத்தனார் சிரிக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார்.

“பாத்துக்குங்க மாமா. ஊரெல்லாம் நான் சுவர் கட்டினேன். என் சுவரைக் காக்குற கை இது. டாக்டர் சொல்ற வரைக்கும் நான் சாரம் ஏறலை.”

அவள் கண் நிறைந்தது. எந்தக் கூடத்திலும் எந்தப் பாராட்டுக்கும் அவள் தலை இவ்வளவு நிமிர்ந்ததில்லை.

காண்ட்ராக்டர் அவள் கொண்டுவந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

“மாப்பிள்ளை, இது இங்க கிடந்தா உன் கை சும்மா இருக்காது. என்கிட்டயே இருக்கட்டும்.” வாசலில் திரும்பினார். “தங்கச்சி, உள்ள பூசுற ஆளுங்களை நான் விசாரிச்சேன்னு சொல்லு.”

அவர் படியிறங்கிப் போனதும், ஈரச் சுவர் அதிர்ந்துவிடக் கூடாது என்பதுபோல, அவள் கதவை மெல்லச் சாத்தினாள்.