பனிமூட்டத்தில் அக்கா அடித்த சேகண்டி

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலரும் அவரைச் செங்கல்பட்டுப் பெரியம்மாவாக, ஆஸ்பத்திரி ஆயாம்மாவாக அறிந்தவர்கள். அவருக்கு அடுத்துப் பிறந்தவள் என்ற உரிமையில், அதற்கு முந்தைய அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் பிறந்தது கடலோரத் திருவிடந்தையில். எங்கள் நைனாவுக்குச் சங்கும் சேகண்டியும்தான் பிழைப்பு. கயிற்றில் தொங்கும் கனத்த வெண்கலத் தட்டைக் கட்டையால் தட்டிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடப்பார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோவிந்த நாமம் சொல்லி வீடு வீடாகப் போகும்போதும் அதே சேகண்டிதான். மற்ற நாளில் அந்த ஓசை கேட்டால், யார் வீட்டில் சாவு என்று ஊரே வாசலுக்கு வந்துவிடும்.

அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அடுப்பு அக்காவிடம் வந்தது. உலையை ஏற்றிவிட்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். யாராவது வரத் தாமதமானால் அவருக்குச் சோறு இறங்காது.

ஐம்பதுகளில் ஒரு தை மாதக் காலை. கட்டுமரங்கள் கடலுக்குள் போன பிறகு பனி இறங்கியது. விடிந்தும் விலகவில்லை. எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. திசை தவறித் தெற்கே பாறைப் பக்கம் ஒதுங்கினால் மரம் மிஞ்சாது. கரையில் தீ மூட்டினார்கள், கூவிப் பார்த்தார்கள். அலைச் சத்தத்தில் குரல் எடுபடவில்லை.

அக்கா வீட்டுக்கு ஓடிவந்து சேகண்டியைக் கழற்றினார். நைனா தடுத்தார். ஆம்பிளைகள் கடலில் இருக்கும்போது இதை அடித்தால் ஊரில் நம்மை வாழவிட மாட்டார்கள் என்றார். அக்கா ஒரு கழியில் சேகண்டியை மாட்டி, ஒரு முனையை என் தோளில் வைத்து, மறுமுனையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

கரையில் முதல் அடி விழுந்ததுமே பெண்கள் அலறினார்கள். செங்கேணி என்ற மீன்காரப் பெண் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய புருஷனும் கடலில் இருந்தார்.

"எம் புருசன் உசுரோட கீறாரு. யாருக்குடி அடிக்கிற?"

"உசுரோட கீறதாலதான் அடிக்கிறேன். கைய வுடு" என்றார் அக்கா.

செங்கேணியின் பிடி தளர்ந்தது. சாவுக்கு அடிப்பதுபோல் விட்டுவிட்டு அடிக்காமல், அக்கா மூச்சுவிடாமல் அடித்தார். என் தோள் மரத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மரமாகக் கரையேறியது. வந்தவர்கள் மூச்சிரைக்கக் கேட்டது ஒன்றுதான்: யார் வீட்டில் சாவு? தன் வீடாக இருக்குமோ என்ற பயத்தில் சத்தம் வந்த திக்கிலேயே துடுப்புப் போட்டிருக்கிறார்கள்.

செங்கேணியின் புருஷன் மட்டும் வரவில்லை. போதும் என்றார்கள். அக்காவின் உள்ளங்கை கிழிந்திருந்தது. செங்கேணி கட்டையைப் பிடுங்கித் தானே அடிக்கத் தொடங்கினார். வெயில் ஏறிப் பனி கலையும் நேரத்தில் அந்தக் கடைசி மரமும் வந்து சேர்ந்தது.

அதோடு முடியவில்லை. அதே வாரம் ஊரில் ஒரு பெரியவர் இறந்தார். வேளை கெட்ட வேளையில் சேகண்டி அடித்ததால்தான் என்று பேச்சு கிளம்பியது. பெண் கேட்டு வந்தவர்கள் வராமல் போனார்கள். அக்கா இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பார். "நான் அடிச்சதாலயா போனாரு?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினாரா, தெரியாது.

செங்கல்பட்டுச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோய்க்கொண்டிருந்த செங்கேணிதான், அங்கே ரயில்வேயில் மூட்டை தூக்கிய அத்தானைப் பற்றி நைனாவிடம் வந்து சொன்னார். நடந்ததை மறைக்காமல் மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொன்னார். கல்யாணம் நடந்தது.

அத்தானும் சீக்கிரமே இறந்துபோனார். மூன்று பிள்ளைகளோடு அக்கா ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனார். பிள்ளைகள் நேரத்துக்கு வராவிட்டால் பஸ் நிற்கும் இடம்வரை போய் நிற்பார். படுக்கையில் விழுந்த பிறகும் காலைக் கீழே போட்டு எழப் பார்த்தார். "எல்லாம் வந்துட்டாங்களா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முறையும் "வந்துட்டாங்க, அத்த" என்று அலுக்காமல் சொன்ன மருமகளுக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வரத் தாமதமானால் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.