கதவு மூடும் தேதி

“டிகிரியே முடிக்கல நீ. அந்தப் பார்லிமெண்ட்டப் பாத்து உனக்கு இன்னா புரியப் போவுது?” என்று ஜெசிந்தா அண்ணி கேட்டார். அவர் என் கணவர் அருளின் அக்கா. லண்டனின் மேற்கு ஓரத்தில், மூன்று புதுச்சேரிக் குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் கூடத்தில், நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பருவத் தேர்வை எழுத விடாமல் என்னை விமானம் ஏற்றியவர் அவர்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தே கேட்டார்.

புரியத்தான் செய்தது. ஆனால் விசித்திரமாக இருந்தது. உலகத்துக்கே பார்லிமெண்ட் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் இந்த நாட்டில் ஓட்டுப் போட ஒரு பொத்தான் கிடையாது. மணி அடிக்கிறது. உறுப்பினர்கள் எழுந்து, ஆமாம் என்பவர்கள் ஒரு வாசல் வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொரு வாசல் வழியாகவும் நடந்து போகிறார்கள். ஆடு எண்ணுவதுபோல் வாசலில் நின்று எண்ணுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆட்சி ஆடினால் எம்.எல்.ஏ.க்களை ரிசார்ட்டில் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பார்கள். இவர்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆனாலும் எங்கும் போய்ச் சேரவில்லை. ஒருநாள், இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவது பற்றி எட்டு வழிகளை முன்வைத்து எதற்கு ஆதரவு என்று கேட்டார்கள். எட்டுக்கும் இல்லை என்றார்கள். சிலர் ஒரே ஓட்டெடுப்பில் இரண்டு வாசலிலும் நடந்துவிட்டு வருவார்களாம். இரண்டு பக்கமும் எண்ணப்பட்டு, ஒன்றை ஒன்று அடித்துவிடும். அதைக் கேட்டபோது கணக்குப் படித்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்களும் அப்படி இரண்டு பக்கமும் எண்ணப்பட்டவர்கள்தான்.

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். அருளின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா. அவருக்குச் சேதி தெரிந்தது, கையெழுத்துப் போட்டார். குருசுக்குப்பத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த என் ஆட்களுக்குக் கையெழுத்தும் தெரியாது, அப்படி ஓர் ஆறு மாதம் வந்து போனதும் தெரியாது. அந்த ஒரு கையெழுத்து இன்றைக்கும் எங்கள் ஊர்க் கல்யாணப் பேச்சில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். அருளுக்கு பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். பிரான்சில் பிழைக்க அது போதாது. ஆனால் ஐரோப்பிய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் வேலை பார்க்கலாம் என்பதால், அவரைப் போன்ற எத்தனையோ பேர் பாரிஸ் பக்கம் திரும்பாமலே லண்டன் கிடங்குகளில் பெட்டி தூக்குகிறார்கள். அவர் ஐரோப்பியர், அவர் மனைவி என்பதால் எனக்கும் இடம். இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு வெளியேறினால் அந்தக் கயிறு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

லண்டன் வருவதற்கு முன்பு நான் லாஸ்பேட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி ஆண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் கல்யாணம் முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். என் மதிப்பெண்களை வாடிக்கைக்காரர்களிடம் மீனைவிட அதிக விலைக்குச் சொல்வார். ஏப்ரலில் தேர்வு. மார்ச் கடைசியில் இங்கிலாந்து வெளியேறுகிறது. ஜெசிந்தா அண்ணி தினமும் போன் செய்தார். தேதி தாண்டினால் கதவு மூடிவிடும், அப்புறம் புருஷன் ஒரு நாட்டில் பெண்டாட்டி ஒரு நாட்டில் கிடக்க வேண்டியதுதான், இதற்கு மேல் உங்கள் விருப்பம் என்றார். விருப்பம் என்ற சொல்லை எங்கள் மேல் பாறையை வைப்பதுபோல் வைத்தார். துறைத்தலைவர் மேடம் மட்டும், அந்த ஆட்கள் சொன்ன தேதியில் எதையும் செய்ய மாட்டார்கள், தேர்வை எழுதிவிட்டுப் போ என்றார். மேடம் சொன்னதை நான் வீட்டில் சொன்னேன். கல்லூரி வாத்தியாருக்கு லண்டனைப் பற்றி என்ன தெரியும் என்று அருள் வீட்டில் கேட்டார்கள். என் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மகளின் வாழ்க்கை கெட்டுவிடும் என்று பயந்தவர், மகளின் படிப்பு கெடுவதைப் பற்றி என்ன பேச முடியும்?

நான் லண்டனில் இறங்கிய வாரமே தேதியைத் தள்ளிவைத்தார்கள். முதலில் இரண்டு வாரம். பிறகு அக்டோபர் கடைசி வரை. என் வகுப்புத் தோழிகள் தேர்வு எழுதி முடித்து, சேலையில் எடுத்த படங்களை அனுப்பினார்கள். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் போய் எழுதிவிட்டு வருகிறேன் என்றால், வெளியே போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்றார்கள். எங்கள் கரையில் மீன் ஏலம் விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் முடிந்தது. விலை பிடிக்கவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று எவரும் சொல்ல முடியாது, மீன் நாறிவிடும். இவர்கள் தள்ளிக்கொண்டே போகலாம். நாறுவது இவர்கள் கூடையில் இல்லை.

அந்தச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்தவர் மார்கரெட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு முதல் வாரத்தில் கையுறையும் தேநீரும் கொடுத்தவர். ஒரு ஓட்டெடுப்புக்கு மறுநாள் நான் வாடிய முகத்தோடு இருந்ததைப் பார்த்து, “நீ கவலைப்படாதே கண்ணு, நாங்க வெளியே போகச் சொல்றது உன்னை இல்ல. இந்தியாக்காரங்க எப்பவும் எங்களோடதான் இருந்திருக்கீங்க. அந்த ஐரோப்பாக்காரங்களாலதான் தொல்லை” என்று அவர் மொழியில் ஆறுதல் சொன்னார். நான்தான் அந்த ஐரோப்பாக்காரி என்று விளக்கினேன். என் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள், என் கணவர் பிரெஞ்சுக் குடிமகன், அந்தக் கணக்கில்தான் நான் இந்தச் சமையலறையில் நிற்கிறேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, உனக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று தோளைத் தட்டினார். வாய்விட்டுச் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்த கோபத்தை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பரில் பல்கலைக்கழகம் நவம்பர் அரியர் தேர்வுக்கு அறிவிப்பு விட்டது. விட்டுப்போன தாள்கள் எல்லாவற்றையும் எழுதலாம். ஆனால் அக்டோபர் முப்பத்தொன்றுதான் புதிய கடைசித் தேதி. நான் ஊரில் இருக்கும்போது கதவு மூடும். அருள் நல்லவர், கத்திப் பேசமாட்டார். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஸ்டெல்லா, இந்தத் தடவ நெஜமாவே முடிச்சிடுவாங்க போல. நீ அங்க மாட்டிக்கினா நான் இன்னா பண்றது?”

“போன தடவயும் நெஜம்னுதான் சொன்னீங்க. மூடிடும்னு ஓடியாந்தேன். மூடல. இந்த தடவ மூடட்டும், நான் வெளிய இருந்துக்கிறேன்.”

“பேப்பர்தான, அடுத்த வருஷம் எழுதக் கூடாதா?”

“உங்க தாத்தாகிட்டயும் கையெழுத்துதான, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னு யாராச்சும் சொன்னாங்களா?”

விமான நிலையத்துக்கு அவரே வந்தார். என் பெட்டியைத் தூக்கி எடை போடும் பட்டையில் வைத்தவர், அதன் கைப்பிடியை உடனே விடவில்லை.

இப்போது லாஸ்பேட்டையில், என்னைப் போலவே அரியர் எழுத வந்த ஒரு பெண்ணோடு அறை எடுத்திருக்கிறேன். அவள் ஸ்கூட்டரில்தான் இருவரும் தேர்வுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனால், பக்கத்துக் கடை அக்கா அம்மாவிடம் சத்தமாகக் கேட்கிறார்: “இன்னாடி, மாப்ள வீட்ல தொரத்திட்டாங்களா?” அம்மா கத்தியை நிறுத்தாமல், “பரீட்ச எழுத வந்துருக்கா. நீ ஒம் மீனப் பாரு” என்கிறார். ஊர் என்னைத் துரத்தப்பட்டவள் என்று பார்க்கிறது. லண்டன் வீட்டில் என்னை ஓடிப்போனவள் என்று பேசுகிறார்களாம். லண்டன் குளிருக்கு வாங்கிய தடித்த கோட்டை அம்மா குப்பத்துக் கொடியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் போட்டார். இப்போது அதில் அடிக்கும் வாசனையோடு லண்டன் பேருந்தில் ஏற முடியாது. அது இல்லாமல் அந்தக் குளிரில் இறங்கவும் முடியாது.

முதல் தாள் எழுதுவதற்கு முன்பே அருளிடமிருந்து சேதி வந்துவிட்டது. மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள், இப்போது ஜனவரி கடைசி. தேர்வு முடிந்ததும் கிளம்பி வந்துவிடு, இன்னும் நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். டிசம்பருக்குத்தான் திரும்பும் டிக்கெட் இருந்தது. ரிசல்ட் பிப்ரவரியில் வரும், சான்றிதழ் கைக்கு வர அதற்கு மேலும் ஆகும். கடைசித் தாள் எழுதிவிட்டு வந்த அன்று மத்தியானம், சாப்பிடுவதற்கு முன்னால், ஏஜென்சிக்குப் போய் டிக்கெட்டை மார்ச்சுக்கு மாற்றிவிட்டேன்.